உதட்டுப் புகழ்ச்சியும் உள்ளத்து வழிபாடும்



நெய்வேலியைச் சூழ்ந்துள்ள நிலம் பக்திக்குப் பேர்போன நிலம். ஒருபுறம் திருவதிகை. சூலைநோய் தீர்ந்து, கையில் உழவாரப்படை ஏந்தித் திருக்கோயில் முற்றங்களில் புல் செதுக்கிய அப்பரடிகளின் வாழ்வு திரும்பிய இடம் அது. மற்றொருபுறம் வடலூர். 1867-ஆம் ஆண்டு இராமலிங்க அடிகள் தருமச்சாலையில் ஏற்றிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகிறது. இன்னொருபுறம், விருத்தாசலம் வட்டாரத்தில், கோணான்குப்பம். இத்தாலி நாட்டிலிருந்து வந்து தமிழராகவே வாழ்ந்த வீரமாமுனிவர் பெரியநாயகி அன்னைக்கு எழுப்பிய திருக்கோயில் அங்கே உள்ளது. இம்மூன்று தலங்களுக்கும் நடுவே அமைந்த ஊரில், வழிபாட்டில் எது மெய், எது வெறும் ஒலி என்று கேட்பது பொருத்தமான கேள்வியே ஆகும்.

இக்கேள்வி எல்லாச் சமயங்களுக்கும் உரியது. வள்ளுவர் அதற்கெனக் ‘கூடாவொழுக்கம்’ என்னும் அதிகாரமே வகுத்தார். மன்னன் கட்டிய கற்றளியை விடுத்து, பூசலார் நெஞ்சிலே கட்டிய கோயிலில் இறைவன் முதலில் எழுந்தருளினான் என்று சேக்கிழார் பாடினார். கிறித்தவ சமயம் இக்கேள்விக்குத் தரும் விடையையும், தமிழ் மண்ணில் அந்த விடை பெற்ற வெற்றியையும் அடைந்த தோல்வியையும் ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

விவிலியம் தரும் அளவுகோல்

இறைவனை வாயாரப் புகழ்வதை விவிலியம் வெறுக்கவில்லை. 150 பாடல்கள் அடங்கிய சங்கீத நூல் அதன் நடுவிலேயே அமைந்திருக்கிறது. யாழும் தாளமும் எக்காளமும் கொண்டு புகழச் சொல்வதும் அந்நூலே. ஆகவே பாட்டும் விழாவும் பொய் என்று தள்ளிவிடுவது விவிலியத்தின் கருத்தாகாது.

ஆயினும், பாட்டைக் கேட்கக் கடவுள் மறுக்கும் நேரமும் உண்டு என்று அதே விவிலியம் சொல்கிறது. கி.மு. எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆமோஸ் ஆடு மேய்த்தவர். திருவிழாக்கள் தமக்கு அருவருப்பு எனவும், பாடல்களின் இரைச்சலை அகற்ற வேண்டும் எனவும், நீதி ஆறாகப் பெருக வேண்டும் எனவும் கடவுள் கூறுவதாக அவர் முழங்கினார். பாடல்களில் என்ன குறை? பண்ணிலும் சொல்லிலும் குறை இல்லை. பாடியவர்கள் ஏழையை ஒரு சோடிச் செருப்பின் விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். உதட்டால் நெருங்கி உள்ளத்தால் விலகி நிற்கும் மக்களைப் பற்றி ஏசாயாவும் வருந்தினார். இயேசுபெருமான் தம் காலத்துச் சமயத் தலைவர்களைக் கண்டித்தபோது அந்த ஏசாயாவின் சொல்லையே எடுத்தாண்டார்.

இயேசு சொன்ன கதைகளில் பரிசேயனும் ஆயக்காரனும் கோயிலுக்குச் சென்ற கதை யாவரும் அறிந்தது. அதில் ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். பரிசேயன் பொய் சொல்லவில்லை. வாரத்திற்கு இருமுறை நோன்பு இருந்தது மெய். வருவாயில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்ததும் மெய். தன் நோன்பை, அருகில் நின்றவனின் இழிவை அளக்கும் கோலாக அவன் ஆக்கிக்கொண்டான். அங்கேதான் அவனது வழிபாடு கெட்டது. ஆயக்காரனோ எவரையும் அளக்கவில்லை. தன்னை மட்டுமே பார்த்தான். அவன் மன்னிப்புப் பெற்று வீடு திரும்பினான்.

மலைப்பொழிவில் இதைவிடக் கூர்மையான ஒரு கட்டளை உண்டு. காணிக்கையைப் பலிபீடத்தருகே கொண்டு வந்தவன், தன் சகோதரனுக்குத் தன்மேல் மனக்குறை உண்டு என்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாக வேண்டும். சகோதரன்மேல் உனக்குக் குறை உண்டா என்பது இங்கே கேள்வியன்று. உன்மேல் அவனுக்குக் குறை உண்டா என்பதே கேள்வி. என் உள்ளம் தூயது என்று ஒருவன் தானே சான்றிதழ் வழங்கிக்கொள்ள முடியாது. அவன் வழிபாட்டிற்குரிய சான்று அவனுடைய அயலானிடம் இருக்கிறது. இவ்வுரை முழுவதும் நினைவில் கொள்ள வேண்டிய அளவுகோல் இதுவே.

பேசாத காவியத் தலைவன்

தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தின் மணிமுடி தேம்பாவணி. 1726-ஆம் ஆண்டில் நிறைவுற்ற இக்காப்பியம் மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. இதன் தலைவர் யார்? பேதுருவும் அல்லர், பவுலும் அல்லர். அன்னை மரியின் துணைவராகிய சூசையப்பர். முனிவர் சூட்டிய தமிழ்ப் பெயரில், வளன்.

நான்கு நற்செய்தி நூல்களையும் புரட்டிப் பார்ப்பவர் ஒரு வியப்பைக் காண்பார். சூசையப்பர் பேசியதாக அவற்றில் ஒரு சொற்கூட இல்லை. மரியாள் புகழ்ப்பாடல் பாடுகிறார். சக்கரியா பாடுகிறார். முதியவர் சிமியோனும் பாடுகிறார். சூசை மட்டும் பாடவில்லை. கனவில் கட்டளை பெறுகிறார். எழுந்து அதன்படி செய்கிறார். மனைவியை ஏற்றுக்கொள்கிறார். நள்ளிரவில் குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் புறப்படுகிறார். திரும்பி வந்து தச்சுத் தொழில் செய்து குடும்பத்தைக் காக்கிறார். நற்செய்தியாளர் மத்தேயு அவரை ‘நீதிமான்’ என்று குறிக்கிறார்.

ஒரு சொல்லும் பேசாத அம்மனிதருக்கே தமிழில் 3615 பாடல்களை அணிவித்தார் வீரமாமுனிவர். கம்பனையும் சிந்தாமணியையும் கற்றுத் தோய்ந்த நாவின் வளம் அனைத்தையும் செயலே வழிபாடாகக் கொண்ட ஒரு தொழிலாளிக்குக் காணிக்கையாக்கினார். காவிய மரபுக்கேற்ப வளன் நூலினுள் பேசவும் செய்கிறார் என்பது உண்மை. ஆயினும் அத்தேர்வின் பொருள் மறைந்துவிடவில்லை. பிற்காலத்தில், 1955-ஆம் ஆண்டு, திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக அறிவித்தார். சுரங்கமும் அனல்மின் நிலையமும் சூழ்ந்த ஊருக்கு இச்செய்தி நெருக்கமானது.

புறக்கோலமும் அகவொழுக்கமும்

வீரமாமுனிவரின் புறக்கோலம் பற்றிக் கதைகள் பல. 1822-ஆம் ஆண்டில் அவர் வரலாற்றை எழுதிய முத்துசாமிப் பிள்ளை, பல்லக்கும் புலித்தோல் இருக்கையும் காதில் முத்துக் கடுக்கனுமாக அவரைக் காட்டுகிறார். இவற்றில் எவ்வளவு மெய், எவ்வளவு மிகை என்பது ஆய்வாளர் வழக்கு. கோணான்குப்பத்தில் அன்னையின் திருவுருவம் தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் விளங்குகிறது. இவையெல்லாம் வெளிப்பகட்டு என்று ஒருவர் வாதிடலாம்.

அவ்வாதத்திற்கு விடையாக முனிவரின் ‘வேதியர் ஒழுக்கம்’ நிற்கிறது. ஊர் ஊராகச் சென்று மறை கற்பிக்கும் உபதேசியார்களுக்காக எழுதிய உரைநடை நூல் அது. பிறர்க்கு நெறி சொல்பவன் முதலில் தான் அந்நெறியில் நிற்க வேண்டும் என்பதே அதன் உயிர்க்கருத்து. கோலம் மக்களின் கண்ணுக்கு உரிமையானது. ஒழுக்கம் அக்கோலத்திற்குக் கட்ட வேண்டிய விலை. விலை கட்டாத கோலமே வேடம்.

சிறுவரும் அறிந்த பரமார்த்த குரு கதையும் அவருடையதே. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடரும் குருவும் ஆற்றைக் கடக்கிறார்கள். கரையேறியதும் எத்தனை பேர் என்று எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் ஒவ்வொரு முறையும் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஒருவனை ஆறு கொண்டுபோயிற்று என்று அழுகிறார்கள். நகைப்பதற்கான கதைதான். ஆனால் சமய வாழ்விலும் இவ்வெண்ணிக்கைப் பிழை உண்டு. யார் கோயிலுக்கு வரவில்லை, யார் செபத்தில் கண் மூடவில்லை, யார் காணிக்கையில் குறைத்தார் என்று எண்ணிக்கொண்டே போகிறவன் தன்னை எண்ணுவதில்லை. கோயிலில் நின்ற பரிசேயன் செய்த பிழையும் அதுவே.

பேச்சில் பயணம், காலில் பயணம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே சிக்கலை நெல்லைச் சீமையிலிருந்து ஒரு பெரும்புலவர் எடுத்துப் பாடினார். 1827-இல் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வெளிவந்தது. ஆங்கிலேயர் ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பயண நூலைத் தழுவியது அது. அரசின் உரிமம் பெறாமல் மறையுரை ஆற்றிய குற்றத்திற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்போர்டு சிறையில் கிடந்தவர் பனியன். புகழ்ச்சிக்கு விலை உண்டு என்பதை உடலால் அறிந்தவர்.

பனியனின் நூலில் வாயாடி ஒருவன் வருகிறான். மறையைப் பற்றி எங்கும் எப்போதும் இனிக்க இனிக்கப் பேச வல்லவன். அவன் வீட்டிலோ செபமும் இல்லை, மனந்திரும்புதலும் இல்லை. வீட்டார் அவனால் படும் துன்பத்தை ஊரார் அறிவர். வாயிற் சடங்கனும் மாயக்காரனுமாகிய வேறு இருவர் இடுக்கமான வாயில் வழியே வராமல் மதிலேறிக் குதித்துப் பாதைக்கு வந்துவிடுகிறார்கள். பாதையில் நிற்பதே போதாதா, எவ்வழியாக வந்தால் என்ன என்பது அவர்களின் வாதம். செங்குத்தான மலை எதிர்ப்பட்டதும் எளிய வழி தேடிப் பிரிந்து அழிகிறார்கள்.

இக்கதையைத் தமிழாக்கும் தகுதி கிருஷ்ண பிள்ளைக்கு வாழ்விலேயே வாய்த்திருந்தது. குலத்தாரும் உற்றாரும் போற்றிய சமயத்தை விட்டு வருவது அந்நாளில் எளிதான செயலன்று. ஆனால் கம்பனையும் ஆழ்வார்களையும் அவர் விட்டுவரவில்லை. அவருடைய இரட்சணிய மனோகரத்தைப் படிப்பவர்க்கு, ஆழ்வார் பாசுரங்களில் பழகிய உருக்கம் கிறிஸ்துவை நோக்கித் திரும்பியிருப்பது புலப்படும். பழைய பாட்டு மரபைக் கையாண்டதால் அவர் பக்தி குறைபட்டதா? இல்லை. ஒருவன் அழும்போது தாய்மொழியிலேயே அழுகிறான். அவர் தம் நெஞ்சு அறிந்த மொழியில் இறைவனிடம் அழுதார்.

ஒரு பெரும்பாவலரின் இருபக்கம்

இனிச் சொல்லப்போவது மனத்திற்கு இனியதன்று. ஆயினும் சொல்லாமல் விட்டால் இவ்வுரையே உதட்டுப் புகழ்ச்சியாகிவிடும்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) தமிழ்க் கிறித்தவ இசைக்குத் தந்தை போன்றவர். ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, சரபோசி மன்னரோடு பயின்று, பின்னர் அவரது அரசவையிலும் மதிப்புப் பெற்றவர். பெத்லகேம் குறவஞ்சியைப் பாடியவர். மன்னர் வேண்டியும் இயேசுவையன்றிப் பிறரைப் பாட மறுத்தார் என்பது மரபுச் செய்தி. திருச்சபைகளில் அவருடைய கீர்த்தனைகள் இன்றும் ஒலிக்கின்றன. அவர் பக்தியைப் போலி என்று எவராலும் சொல்ல இயலாது.

1820-களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிமார், திருச்சபையில் நிலவிய சாதி வேற்றுமையை நீக்க முற்பட்டார்கள். வெவ்வேறு சாதியார் ஒன்றாக அமர வேண்டும், ஒரே கிண்ணத்தில் திருவிருந்து பெற வேண்டும் என்றார்கள். சாஸ்திரியார் அதை எதிர்த்தார், எதிர்த்து எழுதினார். அவர் சினத்திற்கு ஒரு நியாயமும் இருந்தது. அதே மிஷனரிமார் திருமணத்திலும் விழாவிலும் பூவையும் தமிழிசையையும் விலக்க நினைத்தார்கள். மக்கள் நாவில் பழகிய பழைய வேதமொழிபெயர்ப்பையும் மாற்றினார்கள். தமிழனின் வழிபாட்டு உரிமைக்காக அவர் குரல் எழுப்பியது சரியே. ஆனால் அவ்வுரிமைப் பட்டியலில் சாதியையும் சேர்த்துக்கொண்டார். 1833-இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சாதி வேற்றுமையைத் திருச்சபையில் விட்டொழிக்க வேண்டும் என்று சுற்றுமடல் விடுத்தார். அப்போது தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினார்கள்.

இங்கேதான் ‘உள்ளத்து அன்பே போதும்’ என்னும் எளிய விடை உடைகிறது. சாஸ்திரியார் உதட்டால் மட்டும் பாடியவர் அல்லர். உள்ளம் உருகிப் பாடியவர். அவ்வுருக்கம் அவரைத் தம் அருகில் உட்கார வேண்டிய ஒரு மனிதனிடம் கொண்டு சேர்க்கவில்லை. பாயின் மறுபுறத்தில் தள்ளி உட்கார வைக்கப்பட்டவனுக்கும் ஒரு மனக்குறை இருந்தது. மலைப்பொழிவின் கட்டளைப்படி, காணிக்கை பீடத்தருகே காத்திருந்திருக்க வேண்டும். பாட்டு உண்மை, பாவலர் உண்மை, ஆனால் சகோதரனின் சாட்சி கிடைக்கவில்லை. கீர்த்தனைகளைப் பாடுவதை நிறுத்த வேண்டியதில்லை. எவ்வளவு பெரிய பக்திக்கும் குருடான ஓரிடம் இருக்கக்கூடும் என்னும் அச்சத்தோடு பாட வேண்டும்.

இது பழங்கதை என்று கருதிவிட வேண்டா. உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்து எறையூரில் தொன்மையும் எழிலும் வாய்ந்த பேராலயம் உள்ளது. இருக்கையிலும் இறுதி ஊர்வலப் பாதையிலும் கல்லறையிலும் தங்களுக்கு வேற்றுமை காட்டப்படுகிறது என்று கூறித் தலித் கிறித்தவர்கள் தமக்கெனத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அது மோதலாக முற்றி, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். ஒரே அன்னையின் திருவிழாவில் ஒரே மன்றாட்டைச் சொல்லும் இரு தெருக்கள் அவை. மாண்ட இருவரும் அதே மன்றாட்டைச் சொல்லி வளர்ந்தவர்களே. மன்றாட்டு எவ்வளவு ஓங்கி ஒலித்தது என்பதை ஆமோஸ் கேட்கமாட்டார்.

செயலான கீர்த்தனை

மறுபக்கத்திற்கும் தமிழகத்தில் சான்று உண்டு. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826-1889) கத்தோலிக்கர். 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தின் ஆசிரியர். சத்தியவேதக் கீர்த்தனையும் பாடினார், சர்வ சமய சமரசக் கீர்த்தனையும் பாடினார். நீதிபதி இருக்கையில் அமர்ந்தவர், கையூட்டு வாங்கும் அதிகாரிகளைத் தம் எழுத்தில் கண்டித்தார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தில் மக்கள் மடிந்தபோது, இறைவனிடம் முறையிட்டுப் பாடியதோடு தம் பொருளையும் பசித்தோர்க்கு வழங்கினார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவர் கொடையைப் போற்றிக் கீர்த்தனை பாடினார். கத்தோலிக்கரின் வழிபாட்டிற்குச் சிவபக்தர் சாட்சி சொன்னார். அயலானின் சாட்சி என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமா?

அப்பஞ்சத்திற்குச் சில ஆண்டுகள் முன்னரே வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பும் அதே மொழியில்தான் பேசியது. பசித்தவன் உண்டு எழும்போது அவன் முகத்தில் தோன்றும் தெளிவே அங்கு தீபாராதனை. பசியாயிருந்தவனுக்கு உணவு கொடுத்தது தமக்கே கொடுத்தது என்று இயேசுபெருமான் இறுதித் தீர்ப்பைப் பற்றிச் சொன்னதும் இதுவே. அத்தீர்ப்பில் எத்தனை பாட்டுத் தெரியும் என்ற கேள்வி இடம்பெறவில்லை.

நெய்வேலிக்கு ஒரு சொல்

1956-இல் நிறுவனம் தோன்றி, 1957-இல் அகழ்வுப் பணி தொடங்கி, 1961-இல் பழுப்பு நிலக்கரி முதன்முதலாகக் கண்ணில் பட்டது. அதுவரை நான்கு ஆண்டுகள் மேல்மண்ணை மட்டுமே வெட்டிக்கொட்டினார்கள். இன்றும் நிலக்கரியைப்போலப் பன்மடங்கு மேல்மண் அகற்றப்படுகிறது. படிவத்தின் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைக்காவிட்டால் சுரங்கமே மூழ்கிவிடும். கிறிஸ்து பிறப்பு இரவில் ஆலயங்கள் ஒளி வெள்ளத்தில் திளைக்கும்போதும் நீரிறைக்கும் பொறிகளின் அருகே இரவுப் பணியில் ஒருவர் நிற்கிறார். அவர் பாடற்குழுவில் இல்லை. அவர் இருக்கை வெறுமையாக உள்ளது. சூசையப்பரின் திருநாளைக் கொண்டாடும் சமயம் அவரை வழிபாட்டிற்கு வராதவர் என்று எண்ணுமானால், பரமார்த்த குருவின் சீடரைப்போலத் தவறாக எண்ணியதாகும்.

இந்நகர் எழுந்த நிலத்தில் முன்பு சிற்றூர்கள் இருந்தன. அவ்வூரார் வீட்டையும் வயலையும் விட்டு அகன்றார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் அயலூர்களில் வாழ்கிறார்கள். மின்விளக்கின் கீழ் எச்சமயத்தவர் கைகூப்பினாலும், அவ்விளக்கிற்கு நிலம் கொடுத்தவனின் மனக்குறையும் பலிபீடத்தருகே நினைவுக்கு வர வேண்டியதே.

புகழ்ச்சி வேண்டும். பாட்டும் விழாவும் தேரும் மலரும் வேண்டும். உள்ளன்பு ஊமையாய் இருக்க வேண்டும் என்று எந்தச் சமயமும் சொல்லவில்லை. ஆனால் பாடி முடித்தவன் கோயில் வாயிலைக் கடந்து தெருவில் இறங்கும்போது, எதிரே வருபவனின் முகத்தைப் பார்க்க வேண்டும். அம்முகத்தில் மனக்குறை தெரிந்தால் பாட்டு இன்னும் முடியவில்லை. அது நீங்கும்வரை காணிக்கை பீடத்தருகே காத்திருக்கட்டும்.